இரட்டைக் கிளட்ச் கார்களில் எண்ணெய் மாற்றுதல்

தோட்டத்து லயங்களின் முன்னால் சைக்கிள்கள் மட்டுமே சாய்ந்து நின்ற காலம் ஒன்றுண்டு. இன்று அங்கே கார்களும் நிற்கின்றன. நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளை வாங்கியதும், பல ஆண்டுச் சேமிப்பை எடுத்துப் பழைய கார்க் கடையில் வாங்கியதும் அவற்றுள் அடங்கும். அவற்றுள் சில, இரட்டைக் கிளட்ச் கியர்ப் பெட்டியைக் கொண்டவை. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்50 இவ்வகையைச் சேர்ந்தது. அதே ஆண்டு முதல் நம் நாட்டிலேயே பொருத்தப்பட்டு வரும் எக்ஸ்70 காரும் அவ்வாறே.

இக்காரில் கிளட்ச் மிதி இல்லை. ஆகவே பலரும் இதனைச் சாதாரண ஆட்டோ கார் என்றே எண்ணுகின்றனர். உள்ளமைப்போ, கையால் கியர் மாற்றும் காருக்கே நெருங்கியது. 1, 3, 5, 7 ஆகிய கியர்களுக்கு ஒரு கிளட்ச். 2, 4, 6 ஆகியவற்றுக்கு மற்றொரு கிளட்ச். கார் இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாம் கியர் ஆயத்தமாகிவிடுகிறது. ஒரு கிளட்ச் விடும் அதே கணத்தில் மற்றது பற்றிக்கொள்கிறது. நாம் காலால் செய்த வேலையை இங்கே கணினியும் எண்ணெயின் அழுத்தமும் செய்கின்றன.

இதில் ஈர வகை, உலர் வகை என இரண்டு உண்டு. ஈர வகையில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயிலேயே சுழல்கின்றன. 2003ஆம் ஆண்டில் வோல்க்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 காரில் வந்த 6 கியர்ப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் பற்சக்கரங்களுக்கு வழவழப்பூட்டுவதும், கிளட்சின் சூட்டைத் தணிப்பதும், அழுத்தத்தைக் கொண்டு சென்று கியரை மாற்றுவதும் ஒரே எண்ணெயே. தட்டுகளின் தேய்மானத் துகளும் அதிலேயே கலக்கிறது. அதனால்தான் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டுமென உற்பத்தியாளர் விதித்துள்ளனர். மற்றக் கார்களுக்கு இக்கணக்கு மாறுபடும். காருடன் வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்க.

கார் ஊர்ந்து செல்கையில் கிளட்ச் பாதி பற்றியும் பாதி வழுக்கியும் நிற்கிறது. எண்ணெய் அப்போதுதான் மிகவும் சூடேறுகிறது. தோட்டத்துச் செம்மண் மேட்டில் பிரேக்கை மிதிக்காமல், எண்ணெய் மிதியை இலேசாக அழுத்தியே காரை நிறுத்தி வைப்போர் உண்டு. இவ்வண்டிக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை.

எண்ணெய் மாற்றுவது எளிய வேலைபோல் தோன்றும். ஆனால் அளவு பார்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேற்சொன்ன பெட்டி ஏறக்குறைய 7 லிட்டர் கொள்ளும். திறந்துவிட்டால் வடிவதோ 5 லிட்டர் அளவே. அளவுக்குச்சி கிடையாது. காரைச் சமமாக உயர்த்தி, புதிய எண்ணெய் ஊற்றி, இயந்திரத்தை ஓடவிட்டு, கியர்க் கம்பை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்த வேண்டும். எண்ணெயின் சூடு 35 முதல் 45 பாகை செல்சியசுக்குள் இருக்கும்போது அடித்திருகைக் கழற்றினால், மிகுதியானது உட்குழாய் வழியே வழிந்துவிடும். ஒழுக்கு சொட்டாகக் குறைந்ததும் திருகை மூட வேண்டும். இந்தச் சூட்டைக் கருவி கொண்டுதான் அறிய முடியும். கையால் தொட்டுப் பார்த்து அளவு சொல்லும் பட்டறையில் இவ்வேலையைக் கொடுக்காதிருப்பதே நலம்.

“எல்லாம் ஒரே எண்ணெய்தான்” என்று சொல்வாரும் உளர். பால் வெட்டும் நமக்கு இது புரியாததன்று. அமோனியாக் கரைசலும் ஃபார்மிக் அமிலமும் பார்வைக்குத் தண்ணீர்போலவே இருக்கின்றன. ஒன்று பாலை உறையாமல் காக்கிறது. மற்றது உறைய வைக்கிறது. கியர்ப் பெட்டியின் எண்ணெயும் அப்படித்தான். கையேட்டில் குறித்துள்ள தர எண் கொண்டதையே ஊற்றச் சொல்லி, அந்த எண்ணையும் லிட்டர் அளவையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

உலர் வகையின் கதை வேறு. 2008ஆம் ஆண்டில் வோல்க்ஸ்வேகன் கொணர்ந்த 7 கியர்ப் பெட்டியில் கிளட்சை எண்ணெய் தொடுவதே இல்லை. பற்சக்கரங்களுக்கு ஏறக்குறைய 1.7 லிட்டர் மட்டுமே உண்டு. கியர் மாற்றும் பகுதிக்குத் தனி எண்ணெய். ஆதலால் கிளட்ச் தேய்ந்து கார் உதறினால், எண்ணெய் மாற்றி அதனைக் குணமாக்க இயலாது. ஈர வகையிலும் தேய்ந்த தட்டு புது எண்ணெயால் வளர்ந்துவிடாது. பழைய கார் வாங்குவோர் இதனை மனத்திற்கொள்க. 60,000 கிலோமீட்டர் விதியுள்ள கார் 1,25,000 ஓடியிருந்தால், இரண்டு முறை எண்ணெய் மாற்றியதற்கான பதிவு இருக்க வேண்டும். இல்லையெனில் விலை பேசுமுன் பட்டறையில் காட்டிவிடுங்கள். கியர்ப் பெட்டி பழுதானால் ஆகும் செலவு பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

வடித்தெடுத்த பழைய எண்ணெயைப் பட்டறையிலேயே விட்டு வாருங்கள். அது 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவு. லயத்துக் கால்வாயில் ஊற்றினால் ஆற்றுக்குத்தான் போய்ச் சேரும்.