இரவை அளக்கும் அவரை

ஆடியில் ஊன்றிய அவரை புரட்டாசிக்குள் பந்தலை மூடிவிடும். இலைக்குப் பஞ்சமில்லை, பூதான் வராது. அடைமழை ஓய்ந்து பனி இறங்கிய பிறகே கொத்துக் கொத்தாகப் பூக்கும். பனி விழுந்தால்தான் அவரை காய்க்கும் என்பது தோட்டக்காரர்களின் கணக்கு. கணக்கு சரி, காரணம் மட்டும் பனியல்ல, இரவின் நீளம்.

ஆந்திராவின் சத்தியவேடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கே ஆனி மாதப் பகல் ஏறத்தாழ 12 மணி 55 நிமிடம். மார்கழியில் 11 மணி 20 நிமிடம். இந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் நம் கண்ணில் படுவதில்லை. அவரைக்குத் தெரிகிறது.

செடிகளின் இந்தத் திறமையை 1920இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் வெளியிட்டார்கள். கோடை முழுக்கப் பூக்காமல் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்த ஒரு புகையிலை வகையை, மாலையில் சீக்கிரமே இருட்டுக் கொட்டகைக்குள் வைத்தார்கள், பூத்தது. 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடிக்கு நள்ளிரவில் சிறிது நேரம் வெளிச்சம் காட்டினார்கள், பூப்பு நின்றது. செடி அளந்தது பகலை அல்ல, இடையறாத இருட்டை.

அளக்கும் கருவி இலைக்குள் இருக்கிறது. ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளி பட்டதும் விழித்துக்கொள்ளும். இருட்டில் மெல்ல அடங்கும். அதன் நிலையைச் செடியின் உள்கடிகாரம் கவனித்தபடி இருக்கும். இரவு போதிய அளவு நீண்டதும் இலையில் ஒரு புரதம் உருவாகி, நுனிமொட்டுக்குப் போய், 'இனி இலை வேண்டாம், பூ' என்று திருப்பிவிடும். பந்தலுக்கு நேர் மேலே விடிய விடியத் தெருவிளக்கு எரிந்தால் பூப்பது தள்ளிப்போகலாம். கொடிக்கு இருட்டான மூலையும் வேண்டும்.

மாமரம் அதே குளிர்காலத்தை வேறு விதமாக வாசிக்கிறது. சித்தூர்ச் சீமையின் பெயர்பெற்ற கிளிமூக்கு மாமரங்களில், முற்றிய இலைகள் மார்கழி, தை இரவுகளின் குளிர்ச்சியை உணர்ந்து மொட்டைப் பூங்கொத்தாக்குகின்றன. இரவு போதிய அளவு குளிராவிட்டால் அதே மொட்டு இலைத் துளிராகிவிடக்கூடும்.

மாசி பிறந்தால் நிலைமை மாறும். வடகிழக்குப் பருவமழை முடிந்து வாரங்கள் ஆகியிருக்கும். அடுத்த மழைக்கு நாளிருக்கிறது. அந்த வறட்சியில்தான் வேம்பு இலையுதிர்த்துத் துளிர்த்துப் பூக்கிறது. ஐப்பசி மழை ஆழத்தில் சேர்த்து வைத்த ஈரம் அதன் வேருக்கு எட்டும். அதனால்தான் உகாதிப் பச்சடிக்கும் சித்திரைப் பச்சடிக்கும் புது வேப்பம்பூ கிடைக்கிறது. 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்குப் போன சத்தியவேட்டுப் பக்கத்தில் இரண்டு பச்சடிக்கும் இடமுண்டு.

வேம்பைப்போல ஆழ வேரில்லாத கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்த வசதி இல்லை. அவற்றுக்கு மண்ணின் மேல் ஈரத்தை நாம்தான் காக்க வேண்டும். 2016 முதல் ஆந்திர அரசின் ரைது சாதிகார சம்ஸ்தா நடத்தும் இயற்கை வேளாண் திட்டம் இதையே அடிப்படையாக வைத்திருக்கிறது: வெறும் மண் வெயிலில் கிடக்கக் கூடாது. வைக்கோல், சருகு எனக் கிடைத்ததைக் கொண்டு மூடாக்கு, ஜீவாமிர்தக் கரைசல், பல பயிர்களைக் கலந்து விதைப்பது ஆகியவற்றை அது பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் வழியாகவே ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. டுவாக்ரா என்று மக்கள் சொல்லும் குழுக்கள்தான் இவை. 2024இல் இத்திட்டம் சர்வதேசக் குல்பென்கியன் விருதைப் பகிர்ந்துகொண்டது.

மாசியில் பந்தலில் காய்ந்து நெற்று ஆகும் அவரை, சாம்பலில் பிரட்டி வைத்தால் அடுத்த ஆடிக்கு விதை. ஒருத்தி வீட்டில் விதை தவறினாலும் குழுவில் இன்னொருத்தியிடம் இருக்கும். ஆனால் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரை போன்ற சில குத்துச்செடி வகைகள் இரவு நீளத்தைப் பொருட்படுத்தாதவை. எந்தப் பட்டத்திலும் காய்க்கும். ஆகவே பங்குனியில் அவரை விதை வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது குத்து அவரையா, பந்தல் அவரையா என்று. பந்தல் அவரை என்றால் ஆடிவரை டப்பாவிலேயே இருக்கட்டும். பங்குனி நிலத்துக்குக் கொத்தவரையும் கீரையும் போதும்.