டூ-வீலரை மட்டும் ஏன் மறிக்கிறார்கள்?

சென்னையில் வாகனத் தணிக்கை என்றாலே பெரும்பாலும் அது இருசக்கர வாகனத் தணிக்கைதான். தடுப்பு வைத்த இடத்தில் காரும் வேனும் வேகத்தைக் குறைத்துக் கடந்துவிடும். பைக்கும் ஸ்கூட்டியும் மட்டும் ஓரங்கட்டப்படும். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் என்று கேள்வி தொடங்கும்.

சட்டத்தில் இந்தப் பாகுபாடு கிடையாது. சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆவது பிரிவு. எத்தனை சக்கரம் என்று அது பார்ப்பதில்லை. ஆனாலும் கை நீள்வது பைக் பக்கம்தான். தலையில் ஹெல்மெட் இல்லை என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். பைக்கை மறிப்பது எளிது என்பது இன்னொன்று. வரும் காரைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. பைக்கின் ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கலாம், சாவியையும் உருவிக்கொள்ளலாம். எதிர்ப்பு கிளம்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது காரணத்தால்தான்.

ஹெல்மெட் உயிர் காக்கும் என்ற காவல்துறையின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். ஹெல்மெட் வேண்டாம் என்று வாதாட இனி எவருக்கும் இடமில்லை. ஆனால் அதே ஆண்டில் சீட் பெல்ட் போடாமல் 16,715 பேர் இறந்திருக்கிறார்கள். இறப்புகளில் 71 விழுக்காட்டுக்கு அதிவேகம் காரணம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நிறுத்தி ஆவணம் கேட்கும் தணிக்கையில் அதிவேகம் சிக்காது. சீட் பெல்ட் போடாதவரும் மறித்தால்தானே சிக்குவார்?

தமிழ்நாட்டில் ஹெல்மெட் சோதனை இன்றைய கடுமையை எட்டியது 2015இல். ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம், அணியாதவரின் ஆவணங்களைப் பறிமுதல் செய்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் வாங்கிய ரசீதைக் காட்டினால்தான் திருப்பித் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் உத்தரவிட்டார். மதுரையில் வழக்கறிஞர்களே தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். 2022 அக்டோபரில் ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது.

அந்த ஆயிரத்தின் கனம் நொச்சிக்குப்பத்தில் தெரியும். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே போகும் லூப் சாலையின் ஓரத்தில் இருக்கிறது இந்த மீனவர் குடியிருப்பு. மீன் வாங்கி வீதி வீதியாக விற்பவருக்குக் கடை, வண்டி, குடோன் எல்லாமே ஒரு பழைய டூ-வீலர்தான். பின்சீட்டில் ஐஸ் பெட்டியை டியூபால் இறுக்கிக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் மயிலாப்பூர், மந்தைவெளி தெருக்களைச் சுற்றி வந்தாக வேண்டும். வழியில் அரை மணி நேரம் ஓரங்கட்டினால் ஐஸ் உருகி மீன் விலை இறங்கிவிடும். அபராதம் அதற்கு மேல். இரண்டும் சேர்ந்தால் அன்றைய சம்பாத்தியம் காலி. காரில் போகிறவருக்கும் சீட் பெல்ட் அபராதம் அதே ஆயிரம்தான் என்றாலும் அவரை நிறுத்துவோர் குறைவு. பணக் கணக்கோடு பழைய நினைவும் உண்டு. பக்கத்து நடுக்குப்பத்தில் 2017 ஜனவரி 23 அன்று, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாளில், மீன் சந்தை எரிந்தது. வண்டிகளைக் காவலர்களே கொளுத்துவதாகக் காட்டும் காணொளிகளும் வெளிவந்தன. அதைக் கண்ட கரையில் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் சீருடையை எல்லோரும் பாதுகாப்பின் அடையாளமாகப் பார்க்க மாட்டார்கள்.

மறிக்கும் முறை உயிரைப் பறித்ததும் உண்டு. 2018 மார்ச் 7 மாலை, திருச்சியை நோக்கிப் பைக்கில் வந்த ஒரு தம்பதியைத் துவாக்குடி சுங்கச்சாவடி அருகே ஹெல்மெட் சோதனையில் இருந்தவர்கள் கைகாட்டி நிற்கச் சொன்னார்கள். பைக் நிற்கவில்லை. காவல் ஆய்வாளர் ஒருவர் தன் வண்டியில் விரட்டிப்போய், திருவெறும்பூர் பகுதியில் ஓடும் பைக்கை எட்டி உதைத்ததாக வழக்கு. பின்னால் இருந்த இளம்பெண் கீழே விழுந்து இறந்தார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையை மறித்தனர். தடியடி நடந்தது. ஆய்வாளர் கைதானார். அடுத்த மாதமே சென்னை தியாகராய நகரில், ஹெல்மெட் இல்லாமல் தாயுடனும் சகோதரியுடனும் வந்த இளைஞரைக் காவலர்கள் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து அடித்த காணொளி பரவியது. 2021 ஜூனில் சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில் பைக்கில் வந்த ஒருவர் காவலர் அடித்ததில் இறந்தார். சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

இந்த நிகழ்வுகளில் நடந்த உதையையும் அடியையும் சட்டம் அனுமதிக்கவில்லை. வண்டியைப் பிடித்து வைப்பதற்கும் வரம்பு உண்டு. 207ஆவது பிரிவின்படி ஒரு வண்டியைப் பிடித்து வைக்க வேண்டுமானால் உரிமம் இல்லாமல், உரிய வயது இல்லாமல், பதிவோ பெர்மிட்டோ இல்லாமல் அது ஓடியிருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாதது அந்தப் பட்டியலில் இல்லை. 2019இல் வந்த திருத்தம்கூட ஹெல்மெட் குற்றத்துக்கு உரிமத்தைக் கைப்பற்றத்தான் வழி செய்கிறது. சாவியை உருவுவது பற்றி இந்தப் பிரிவுகளில் ஒரு சொல்லும் இல்லை.

விரட்டாமலே விதியை நிலைநாட்ட வழி இருக்கிறது. ஹெல்மெட் அணியாதவரை ஓடும் வண்டியில் விரட்டிப் பிடிக்கக் கூடாது, கேமரா போன்ற கருவிகளைப் பயன்படுத்த வேண்டும் என்று 2019 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. மின்னணுக் கண்காணிப்புக்கான 167ஏ விதியை மத்திய அரசு 2021 ஆகஸ்டில் கொண்டுவந்தது. கேமராவில் பதிவான குற்றத்துக்குப் பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றது அது. கேமராவுக்குக் காரும் பைக்கும் ஒன்றுதான்.

பைக்கை மட்டும் மறிப்பது பற்றிய சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. நியூயார்க் மாநிலக் காவல்துறை 2007 முதல் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே தனிச் சோதனைச்சாவடிகள் அமைத்தது. ஓட்டுநர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஆனாலும் விடாமல் சட்டமன்றங்களின் கதவைத் தட்டினார்கள். மோட்டார் சைக்கிளை மட்டும் குறிவைக்கும் சோதனைச்சாவடிகளுக்கு மத்திய நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்று 2015 டிசம்பரில் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் தடை விதித்தது.

இங்கேயும் ஒரு கட்டுப்பாடு வந்தது. கண்ணுக்குத் தெரியும் விதிமீறல் இல்லாமல், ஆவணம் பார்ப்பதற்காக மட்டும் எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது என்று 2022 ஜூனில் கர்நாடகக் காவல்துறைத் தலைவர் பிரவீன் சூட் அறிவித்தார். குடிபோதைச் சோதனை மட்டும் விதிவிலக்கு. ஆனால் 2025 மே 26 அன்று அதே கர்நாடகத்தின் மண்டியாவில், நாய் கடித்த சிறுமியை மருத்துவமனைக்குக் கொண்டுபோன பைக்கை ஹெல்மெட் சோதனைக்காகக் காவலர்கள் மறித்தார்கள். கீழே விழுந்த குழந்தை மீது லாரி ஏறியது. மூன்று உதவி சார் ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.