மார்க்டவுன் கோப்புகளை ஆவணத் தொகுப்பியில் இறக்குமதி செய்தல்

மார்க்டவுன் என்பது வெற்றுரைக் கோப்பில் தலைப்பு, தடித்த எழுத்து, பட்டியல், இணைப்பு முதலியவற்றை எளிய குறிகளால் சுட்டும் ஒரு குறிமொழி ஆகும். இக்குறிமொழியில் எழுதிய கோப்பை கூகுள் டாக்ஸ் போன்ற இணையவழி ஆவணத் தொகுப்பியில் திறந்து, குறிகளை உரிய வடிவமைப்புகளாக மாற்றுவது மார்க்டவுன் இறக்குமதி எனப்படும். குறிகளை அறியாத தொகுப்பியில் இக்கோப்பைத் திறந்தால் அக்குறிகள் எழுத்துகளாகவே காட்சியளிக்கும்.

வரலாறு

மார்க்டவுனை 2004 ஆம் ஆண்டில் ஜான் குரூபர் என்பவர் உருவாக்கினார். இதன் அமைப்பை வகுப்பதில் ஆரோன் சுவார்ட்சு உதவினார். வடிவமைக்கப்படாத நிலையிலும் உரை படிக்கத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது இதன் அடிப்படை நோக்கம் ஆகும். பின்னர் பல கிளை வடிவங்கள் தோன்றியதால், விதிகளை ஒழுங்குபடுத்த 2014 இல் காமன்மார்க் என்னும் வரையறை வெளியிடப்பட்டது. கூகுள் டாக்ஸ் 2024 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் மார்க்டவுன் இறக்குமதி, ஏற்றுமதி வசதிகளை அறிமுகப்படுத்தியது.

முதன்மைக் குறிகள்

* வரியின் தொடக்கத்தில் # இட்டால் அவ்வரி தலைப்பாகும். ஒன்று முதல் ஆறு வரை # இட்டு ஆறு நிலைத் தலைப்புகளை அமைக்கலாம்.
* சொல்லின் இருபுறமும் ஒரு * இட்டால் சாய்ந்த எழுத்தும், இரண்டு இட்டால் தடித்த எழுத்தும் கிடைக்கும்.
* வரியின் தொடக்கத்தில் - இட்டு ஓர் இடைவெளி விட்டால் அது பட்டியல் உருப்படியாகும்.
* வரியின் தொடக்கத்தில் > இட்டால் அது மேற்கோள் பகுதியாகும்.

இறக்குமதி முறை

கோப்பை ‘.எம்டி’ என்னும் பின்னொட்டுடன் கூகுள் டிரைவில் பதிவேற்றி, அதனை வலச்சொடுக்கி, கூகுள் டாக்ஸ் கொண்டு திறக்கவேண்டும். உரையின் ஒரு பகுதியை மட்டும் ஒட்ட விரும்புவோர், கருவிகள் பட்டியிலுள்ள விருப்பத்தேர்வுகளில் மார்க்டவுன் வசதியை முதலில் இயக்குதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மார்க்டவுனின் அடிப்படை விதிப்படி, ஒரு வெற்று வரியே பத்திகளைப் பிரிக்கும். வெற்று வரியின்றி அடுத்தடுத்து வரும் இரு வரிகள் ஒரே பத்தியாகக் கொள்ளப்படும். ஆகவே குறள் வெண்பாவை இரண்டு வரிகளாகத் தட்டச்சு செய்தாலும் அது ஒரே வரியாக இணைந்துவிடக்கூடும். இதனைத் தவிர்க்க முதல் வரியின் முடிவில் இரண்டு இடைவெளிகள் விடவேண்டும். அவ்வாறே, வரியின் தொடக்கத்தில் ஆண்டும் முற்றுப்புள்ளியும் இடைவெளியும் வந்தால், அவ்வாண்டு பட்டியல் எண்ணாகக் கருதப்படலாம். புள்ளிக்கு முன் \ இட்டால் இது நேராது.

தமிழ்க் கோப்புகளில் எழுத்துக் குறியேற்றமும் முக்கியமானது. திஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் உள்ள உரையை ஒருங்குறியாகக் கருதித் திறந்தால் தொடர்பற்ற எழுத்துகளே தோன்றும். அத்தகைய உரையை முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, யூடிஎஃப்-8 முறையில் சேமித்தல் வேண்டும்.

ஏற்றுமதியும் இழப்பும்

ஆவணத்தை மீண்டும் மார்க்டவுன் கோப்பாகத் தரவிறக்கலாம். எனினும் எழுத்தின் நிறம், எழுத்துரு, பக்க ஓரம் ஆகியவற்றுக்கு மார்க்டவுனில் குறிகள் இல்லாமையால் அவை நிலைப்பதில்லை. மாறாக, சொற்களும் தலைப்பு, பட்டியல் முதலிய கட்டமைப்பும் எளிய உரைத்தொகுப்பி எதிலும் படிக்கக்கூடியனவாக எஞ்சும். ஆதலால் இறக்குமதிக்குப் பின்னரும் மூலக் கோப்பை அழிக்காமல் தனியே பாதுகாத்து வைப்பது நன்று.