திகதி தவறிய கணனி

ஹட்டனுக்கு அண்மையில், தோட்டத்து லயத்தில் வாழும் நமது தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மகளுக்காகச் சீட்டுப் பணத்தில் வாங்கிய பழைய கணனி அங்கே வாளாவிருந்தது. பாடங்களுக்கான மென்பொருளை இணையத்திலிருந்து நிறுவ முற்படும்போதெல்லாம் பிழையென்றே அறிவித்தது.

"மாமா, திருப்பிக் கொடுத்துவிடத்தான் வேண்டுமா?" என்று பிள்ளை கண்கலங்கினாள்.

திரையின் மூலையை நோக்கினோம். ஆண்டு 2009! இணையத் தளங்கள் தம் நம்பகத்தைப் பாதுகாப்புச் சான்றிதழ் காட்டியே நிறுவுகின்றன. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2009இல் நிற்கும் கணனிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறவாத ஒன்றன்றோ? ஏற்க மறுத்தது அதன் குற்றமன்று.

மின்சாரம் நின்றபோதும் நாளையும் மணியையும் காப்பது, உள்ளே நாணயம்போல் இருக்கும் 3 வோல்ற்று பற்றரி. சீ.ஆர். 2032 என்பது பெயர். 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. அது ஓய்ந்துவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டும் கணனியைப் பழைய நாளுக்குத் தள்ளிவிடும். (2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்தவர்களல்லவா நாம்!)

திகதியைத் திருத்தினோம், மென்பொருள் தடையின்றி நிறுவப்பட்டது. மறுநாள் ஹட்டன் கடைவீதியில் பற்றரி வாங்கி, மின்னிணைப்பை முற்றாக அகற்றியபின் மாற்றினோம். அன்றிரவே பிள்ளை கணிதப் பாடத்தைத் திறந்தாள்.