ஆனையிறவு வெளியில் உருண்ட பந்து

யாழ்தேவியிலே பிரயாணஞ் செய்கின்றவர்கள் பரந்தன் கழிந்ததும் யன்னலோரத்தை நாடுவது வழக்கம். இருபுறமும் பரவைக்கடல் விரிந்து கிடக்க, நடுவே நிலம் நூல்போல மெலிந்து செல்லும் இடம் ஆனையிறவு. புதிதாக வருவோர் நீரையும் பறவைகளையும் பார்ப்பர். வரலாறு அறிந்தோர் போரின் சின்னங்களைப் பார்ப்பர். நாமோ உப்பளத்தை அடுத்துக் கிடந்த ஒரு வெறுந்தரையைக் கண்களால் தேடுகின்றோம். அங்கே இன்று கோல் கம்பங்கள் இல்லை, எல்லைக்கோடும் இல்லை. ஆயினும் அவ்விடத்தைப் புகையிரதம் கடக்கும் சில விநாடிகளில் எமது செவியிலே ஒரு விசில் ஒலிக்கத்தான் செய்கின்றது.

எமது தகப்பனார் உப்பளத்திலே கடமை பார்த்தவர். ஆகையால், 1970-களில் எமது பிள்ளைப் பருவத்தின் நல்ல பகுதி ஆனையிறவிலே கழிந்தது. அந்நாட்களின் மாலை வேளைகளில் நாம் கண்டு களித்த உதைபந்தாட்டத்தைப் பற்றி வாசகர்களுக்குச் சிறிது சொல்ல விரும்புகின்றோம். பேர்பெற்ற வீரர் எவரும் அங்கே ஆடவில்லை. அவ்வாட்டங்களின் முடிவுகளை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவுமில்லை. இருந்தும், மைதானம் என்பது யாது என்று எமக்குக் கற்பித்தது அந்த வெளிதான்.

யானை கடந்த வழி

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் வாசல் ஆனையிறவு. வன்னிக் காடுகளிலே பிடிக்கப்பட்ட யானைகள் இவ்வழியாகவே குடாநாட்டுக்குள் கொண்டு செல்லப்பட்டுப் பிறநாடுகளுக்கு விற்கப்பட்டன. ஊரின் பெயரே அதற்குச் சாட்சி. ஒல்லாந்தர் இங்கே ஒரு சிறு கோட்டையைக் கட்டி வழியைக் காத்தனர். பிற்காலத்தில் அக்கோட்டை வாடிவீடாக மாறி, பிரயாணிகள் இளைப்பாறும் இடமாயிற்று. 1905-இல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புகையிரதப் பாதை நிறைவுபெற்றபோது, யானை நடந்த வழியிலே இரும்புக் குதிரையும் ஓடத் தொடங்கியது.

உப்பளம் தோன்றியது 1930-களின் பிற்பகுதியில். வேலை இருக்குமிடத்தில் வீடுகள் எழும். வீடுகள் உள்ள இடத்தில் பிள்ளைகள் இருப்பர். பிள்ளைகள் உள்ள இடத்திலே பந்து உருளாதிருக்குமா? எம்மூர் மைதானம் பிறந்த கதை அவ்வளவே.

உப்பு விளையும் நிலத்தில்

உப்பு விளைவதைக் கண்டறியாத மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பரவைக்கடல் நீரை முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்துவர். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, எஞ்சிய நீர் செறிந்துகொண்டே வரும். அதனைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுவர். முதலில் ஜிப்சம் படிந்துவிடும். அதன் பின்னர்தான் உப்பு பூக்கும். மழையற்ற மாதங்களே இதற்கு ஏற்றவை. வெண்பாத்திகளில் வெயில் பட்டுத் தெறிக்கும்போது கண் கூசும். ஆகவே தொழிலாளர் விடியற்புறமே இறங்கி, வெயில் ஏறுமுன் பெரும்பகுதி வேலையை முடித்துக்கொள்வர். உச்சி வேளையில் உறக்கம். மாலை நாலரைக்குப் பந்து. உப்பின் நேரசூசியே உதைபந்தின் நேரசூசியும் ஆயிற்று.

அந்த வெளியில் புல் முளைப்பதில்லை. கோடையில் தரை வெடித்து, வெடிப்பின் ஓரங்களில் உப்புப் பொரிந்திருக்கும். ஐப்பசி பிறந்தால் மழை நீர் தேங்கி, மைதானமும் பரவைக்கடலும் ஒன்றாகிவிடும்; நாம் ஆடிய இடத்திலே நாரைகள் நின்று மீன் பிடிக்கும். தை மாதத்தில் தரை காய்ந்ததும் எங்கள் பருவம் ஆரம்பமாகும்.

1863-இல் இலண்டனிலே வகுக்கப்பெற்ற விதிகளின் வழிவந்த இந்த ஆட்டத்தில் கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. இதனை நாம் அறிந்தது நடுவராகப் பணிபுரிந்த ஓர் ஆசிரியரால். ஆட்டத்துக்கு முன்னர் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட இருபத்துநான்கு அடி வைத்து அளப்பார். அவருடைய பாதம் சிறியது. எமது கோலும் சிறியதே. அதைப் பற்றி எவரும் முறையிட்டதில்லை, இரு பக்கமும் ஒரே பாதம் அளந்தமையால்.

தோற்பந்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. உப்பு ஈரம் பட்டால் தோல் விறைத்து வெடித்துவிடும். ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரிலே துடைத்து, நிழலில் உலர்த்தி, தேங்காயெண்ணெய் பூசி வைப்பர். அந்த எண்ணெய்ப் போத்தல் எமது வீட்டில் இருந்தது. ஆதலால் பந்தும் எமது வீட்டிலேயே உறங்கியது. பந்துள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஊரிலே இருந்த மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ!

பாதணி அணிந்தவர் மிகச் சிலர். வெறுங்காலுடன் ஆடுவதை எவரும் குறைவாக எண்ணவில்லை. 1911-ஆம் ஆண்டு யூலை 29-இல் கல்கத்தாவில் மோகன் பகான் கழகம் ஆங்கிலப் படைப்பிரிவொன்றின் அணியை 2–1 என வென்றபோது, அதன் பதினொருவரில் ஒருவரே பாதணி அணிந்திருந்தார். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய வீரர்களிலும் பலர் வெறுங்காலர். நடுவராசிரியர் இக்கதைகளை இடைவேளையிலே சொல்வார். உப்புத் தரையில் பாளம் பாளமாக வெடித்திருந்த தம் பாதங்களை எங்கள் ஆட்டக்காரர் அப்போது ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வர்.

காற்றும் ஓர் ஆட்டக்காரன்

சோளகக் காற்றை மறைக்க அங்கே ஒரு மரமேனும் இல்லை. காற்றின் பக்கம் கோல் கிடைத்த அணி அரைப்பாதி ஆட்டத்தை வென்றதற்குச் சமம். உயர அடித்த பந்து எங்கே விழும் என்பதை அடித்தவனே அறியான். குடாநாட்டின் கரையோரங்களான குருநகர், நாவாந்துறை, பாசையூர் போன்ற இடங்கள் உதைபந்தாட்டத்துக்குப் பேர்போனவை. அப்பக்கத்திலிருந்து வந்து ஆடிய இளைஞர் சிலர் எம்மிலும் பன்மடங்கு கெட்டிக்காரர். ஆனாலும் முதற் பாதியில் அவர்கள் காற்றோடு சண்டை பிடித்தே களைத்துவிடுவர். எம்மவரோ பந்தை நிலத்தை விட்டு எழும்ப விடார். கெட்டித்தனத்தால் அன்று, ஊர்க்காற்றை அறிந்த அறிவால்.

பார்வையாளருக்கென்று மேடை இல்லை. ஆண்கள் வரம்பிலே குந்தியிருப்பர். பெண்கள் குடியிருப்பு வேலியோரம் நின்று, பாராதவர்போலப் பார்ப்பர். ஒருவர் கச்சான் விற்பார். எமது தாயார் இடைவேளைக்குப் பெரிய கேத்தில் நிறையப் பிளேன்டீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் அனுப்புவார். அது எந்த அணிக்கு என்ற பேதம் இல்லை.

ஒருநாள் நிகழ்ந்ததை இன்றும் எண்ணிச் சிரிக்கின்றோம். மாலைப் புகையிரதம் வரும்போது ஆடுவோரும் பார்ப்போரும் திரும்பிக் கைகாட்டுவது வழக்கம். எங்கள் பந்துக்காப்பாளரும் அன்று திரும்பினார். உப்பு வாரி வாரித் தழும்பேறிய அவருடைய கைகள் பந்தைப் பிடித்தால் விடா. ஆனால் அன்று அக்கைகளிலொன்று வண்டியிலிருந்த யாரோ ஒரு குழந்தைக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவ்வேளை எதிரணிச் சிறுவன் ஒருவன் பந்தை மெல்லத் தட்டிக் கோலுக்குள் விட்டுவிட்டான். “இது கோல் இல்லை, மாஸ்டர்!” என்று ஊரே எழுந்தது. ஆசிரியர் அசையவில்லை. “கோச்சி பாக்கிறதெண்டால் ஸ்ரேசனுக்குப் போயிருக்கலாம். கோல் கோல்தான்!” என்றார். அன்று நாம் தோற்றோம். அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வாரம் சண்டை. அதன் பின்னர் ஒரு தலைமுறைச் சிரிப்பு.

எமக்கு அந்த மைதானத்திலே ஓர் உத்தியோகமும் இருந்தது. பந்து வெளியே போனால் எடுத்து வருவது. காற்று அதனை உப்புப் பாத்திவரை உருட்டிச் செல்லும். நாம் வரம்பு வழியே ஓடுவோம். “பாத்திக்கை கால் வையாதை தம்பி, உப்பிலை சேறு பட்டிடும்!” என்று தகப்பனார் பின்னால் நின்று கூவுவார். அதுவே அந்த வெளியில் எமக்கு விதிக்கப்பட்டிருந்த ஒரே தடை. மற்றத் திசைகளிலே வானம் தொடுமட்டும் ஓடலாம்.

பந்து நின்ற இடம்

1990-இல் உப்பளம் நின்றது. வடபகுதிப் புகையிரதமும் நின்றது. குடியிருப்புகள் வெறுமையாயின. 1991-இலும் 2000-இலும் 2009-இலும் ஆனையிறவின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது, போர்க்களமாக. அந்தச் சிறு நிலத்துக்காக எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் மடிந்தனர். வாடிவீடான அந்தப் பழைய கோட்டையும் சிதைந்து போயிற்று. எம்முடன் ஆடியவர்கள் திசைக்கொருவராயினர். சிலர் கடல் கடந்தனர். சிலரைப் பற்றிய சேதி இன்றுவரை எமக்குக் கிட்டவில்லை.

2010-இல் யாழ்ப்பாணம் செல்லும் வழியில் ஆனையிறவிலே இறங்கினோம். வீதியோரத்திலே சிவப்புத் தலையுடைய கம்புகளும், மண்டையோடு வரைந்த பலகைகளும் நின்றன. “மிதிவெடி” என்ற சொல் தமிழிலும் எழுதப்பட்டிருந்தது. சற்றுத் தொலைவிலே, வெளியாக்கப்பட்ட ஒரு துண்டு நிலத்தில், மீள வந்து குடியேறிய குடும்பங்களின் சிறுவர் ஐந்தாறு பேர் பிளாஸ்ரிக் பந்தொன்றை உதைத்துக்கொண்டிருந்தனர். எமது மனம் குதூகலித்தது. அப்போது சோளகம் பந்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அது கம்புகளைக் கடந்து உருண்டது.

அச்சிறுவர் ஓடிச் சென்று, கம்பருகே வந்ததும், கயிறு கட்டி இழுத்தாற்போல ஒருமித்து நின்றனர். ஒருவனேனும் அழவில்லை, ஒருவனேனும் மற்றவனைக் குற்றங் கூறவில்லை. பந்து உருண்டு உருண்டு ஓய்வதைப் பார்த்திருந்துவிட்டு, வீட்டை நோக்கித் திரும்பினர். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எண்ணியபோது எமது நெஞ்சு கனத்தது. பிள்ளைகள் பந்தைத் துரத்தாமல் நிற்கக் கற்றுக்கொண்ட இடத்தை மைதானம் என்று எப்படி அழைப்பது?

ஒரு சாண், ஒரு முழம்

பழைய மைதானத்தை இழந்தவர் நாம் மட்டுமல்லர். இலண்டனிலே ஆர்சனல் கழகம் 1913 முதல் ஆடிவந்த ஹைபரி மைதானத்தை 2006-இல் விட்டு நீங்கியது. பார்வையாளர் மேடைகள் குடியிருப்புகளாயின; ஆடிய தரை பூந்தோட்டமாயிற்று. அங்கே முதியவர் ஒருவர் சென்று, தாம் கண்ட கோலை எண்ணியபடி தோட்டத்து ஓரத்திலே நிற்கலாம். எமக்கு அவ்வாறு நிற்பதற்கே பிறர் உயிரைப் பணயம் வைத்து வழி செய்ய வேண்டியிருந்தது.

அவ்வழியைச் செய்தவர்களை இங்கே நினையாதிருக்க முடியாது. ஆனையிறவுக்கு வடக்கே, பளைக்கு அப்பாலுள்ள முகமாலை முதலிய இடங்களிலே மிதிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதில் ஈடுபட்டோரிற் பலர் இப்பகுதிப் பெண்கள். போரிலே கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கியோரும் அவர்களுள் இருந்தனர். முகக்கவசம் அணிந்து, கொளுத்தும் வெயிலில் முழந்தாளிட்டு, கருவியின் ஒலிக்குச் செவிகொடுத்து, மண்ணைச் சுரண்டிச் சுரண்டிச் சாண் சாணாக முன்னேறுவர். அவசரம் அங்கே ஆகாது. 2017-இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்துகொண்டது. அரசுகள் கையெழுத்திடுவது ஒரு நாட் செயல்; மண்ணை மீட்பது அந்தக் கைகளின் நெடுநாட் செயல்.

ஊரும் மெல்ல மெல்ல மீண்டது. 2014-இல் புகையிரதம் மீண்டும் ஆனையிறவைக் கடந்து ஓடத் தொடங்கியது. உப்புப் பாத்திகளிலே மறுபடியும் வெண்மை பூத்தது. 2025-இல் மேசையுப்புத் தொழிற்சாலையும் அங்கே திறக்கப்பட்டது.

அண்மையில் ஒரு மாலை மீண்டும் அங்கே போய் நின்றோம். 2010-இல் நாம் கண்ட கம்புகள் அவ்விடத்தில் இல்லை. சிறுவர் ஆடிக்கொண்டிருந்தனர், கற்கள் இரண்டு ஒரு கோல், செருப்புகள் இரண்டு மற்றைய கோல். சோளகம் தன் பழைய குணத்தை விடவில்லை. பந்து வெளியே பறந்தது. ஒரு பொடியன் அதன் பின்னே ஓடினான். எமது கால்கள் நடுங்கின. “நில்” என்று கத்த வாயெடுத்தோம். அவனோ திரும்பியும் பாராமல், புழுதி எழும்ப, கைகளை வீசிக்கொண்டு, காற்றைப்போல ஓடிச் சென்று பந்தைப் பிடித்துவிட்டான். கரையிலே நின்ற ஒரு தாய், “டேய், சேத்துக்கை இறங்காதை, சப்பாத்துப் பழுதாப் போம்!” என்று ஏசினாள்.

அந்த ஏச்சைக் கேட்டபோது எமக்கு உண்டான ஆனந்தத்தை என்னென்போம்! அது எமது தகப்பனாரின் குரலேதான். சேற்றுக்கு மட்டும் அஞ்சவேண்டிய மண்ணாக அந்த வெளி மறுபடியும் ஆகியிருந்தது.

தூரத்தில் புகையிரதத்தின் ஊதல் கேட்டது. பிள்ளைகள் எல்லாரும் ஆட்டத்தை விட்டுத் திரும்பிக் கைகாட்டினர். நாமும் காட்டினோம். அவ்வேளை யாரேனும் கோல் போட்டார்களோ என்பதை நாம் கவனிக்கவில்லை.