நிரப்புதல் வேறு, மாற்றுதல் வேறு

சிவகாசிப் பட்டாசுக்குப் பிராணவாயு ஈயும் வெடியுப்பு, நைட்ரேட்டு வகையைச் சேர்ந்தது. வீட்டிலுள்ள கடல்மீன் தொட்டியிலும் நைட்ரேட்டு ஓசையின்றிச் சேர்கிறது. மீன்கழிவும் எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகும். நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டு, அம்மோனியாவைப்போல் உடனே கொல்லாது. மிகுந்தாலோ பாசி பெருகும், பவள உயிர்கள் நலியும்.

விருதுநகர் வெயிலில் தொட்டிநீர் வற்றும். வற்றிய அளவுக்கு நன்னீர் வார்ப்பது தேவையே. ஆனால், அதனால் நைட்ரேட்டு நீங்கிவிடாது. ஆவியாவது நீர் மட்டுமே அன்றோ! லிட்டருக்கு 40 மில்லிகிராம் இருப்பின், கால்பங்கு நீரை இறைத்துவிட்டு, நைட்ரேட்டு அற்ற புதிய கடல்நீரை வாருங்கள். அது 30 ஆகும். மறுமுறை 22.5 ஆகும். இரையையும் அளவோடு இடுங்கள். வாயில்லா உயிர்களின் வாழ்வு உங்கள் கையில் உள்ளது.