நாலு பேர் வேணும்



"வீட்டுக் கவலையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதா, நாலு பேரிடம் சொல்வதா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "வெளியே சொன்னா குடும்ப மானம் போயிடும்" என்றார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் சேர்ந்து தட்டினேன். ஏன்னா, ஒரு காலத்தில் நானும் அந்தக் கட்சிதான். அந்தக் கட்சியில் இருந்தபோது செய்த தப்பைச் சொல்லத்தான் இந்தப் பக்கம் வந்து நிற்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிமேடு. கடற்கரைக் கிராமம். அப்பா கட்டுமரத்தில் போனவர். நான் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, வெளியூரில் பேராசிரியர் ஆயிட்டேன். அம்மா ஊரில், அண்ணன் வீட்டில். திருக்குறளில் 'சுற்றந்தழால்' அதிகாரத்தைப் பற்றிக் குறிப்பே இல்லாம ஒரு மணி நேரம் பேசுவேங்க. பெற்ற தாயை ஒரு நாள் குளிப்பாட்டினது கிடையாது. அது அண்ணி வேலை! (சிரிப்பு)

ஒருநாள் அம்மா போனில் அழுதது. "தம்பி, உங்க அண்ணி என் தோட்டைத் திருடிட்டாப்பா." தெருவுக்கும் சொல்லியாச்சு. நான் உடனே அண்ணியைக் கூப்பிட்டு, "அம்மா மனசு நோகாம பார்த்துக்கங்க அண்ணி" என்று புத்தி சொன்னேன். அவங்க ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "நாலு நாள் வந்து இருந்து பாருங்க தம்பி."

போனேன். தோடு அரிசிப் பானைக்குள் இருந்தது. வைத்தது அம்மாதான். சாயங்காலம் ஆனா, "உங்க அப்பா கரைக்கு வர்ற நேரமாச்சு" என்று அம்மா கடற்கரைக்குக் கிளம்பும். அப்பா இறந்து இருபது வருஷம் ஆச்சு. அண்ணி உண்மையைச் சொல்வாங்க. உடனே அம்மா, அன்றைக்குத்தான் செத்த மாதிரி தலையில் அடித்துக்கொண்டு அழும். மறுநாள் மறுபடியும் அதே. தினம் ஒரு சாவு வீடு!

டாக்டரிடம் காட்டினோம். மறதி நோய் என்றார். "வயசானா மறதி வராதா?" என்று கேட்பீர்கள். வலையை எங்கே வைத்தோம் என்று மறந்தா, அது வயசு. கையில் இருக்கிற வலை எதுக்கு என்றே மறந்தா, அது நோய். புதுசைப் பதிய வைக்கிற மூளைப் பகுதி பெரும்பாலும் முதலில் கெடுகிறது. அதனாலதான் காலையில் தின்ற இட்லி மறந்துபோகும். காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் அம்பது வருஷத்துக்கு முன்னால் பிடித்த மாம்பழம் நினைவிருக்கும். தைராய்டு, வைட்டமின் குறைவு மாதிரி சரிசெய்யக்கூடிய காரணமும் உண்டு. அதனால முதலில் மருத்துவரிடம் காட்டணும். நம் நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் என்று 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நம்ம தெரு மட்டும் விதிவிலக்கா?

1901இல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரிக்கு அகஸ்டே என்ற 51 வயது அம்மா வந்தார். அவரைப் பார்த்த டாக்டர் அல்சைமர், 1906இல் அந்த நோயைப் பற்றி உலகுக்குச் சொன்னார். அந்த அம்மாவிடம் முதலில் தெரிந்த அறிகுறி எது தெரியுமா? கணவன் மேல் சந்தேகம்! ஆக, என் அண்ணிக்குத் திருடிப் பட்டம் கட்டியது அம்மா இல்லை, நோய். டாக்டர் பெயர் நோய்க்கு வந்தது. நோயாளி பெயர் புத்தகத்தில் வந்தது. பழியைச் சுமந்த அந்தப் புருஷனை யாருங்க விசாரிச்சா?

விசாரிக்க ஆள் இல்லாததால் பார்த்துக்கொள்கிறவர்களே ஒன்று சேர்ந்தார்கள். அமெரிக்காவில் 1980இல் சங்கம் உருவானபோது முதல் தலைவர் ஜெரோம் ஸ்டோன். அவர் மனைவிக்கே இந்த நோய். நம் நாட்டில் 1992இல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. இந்தக் கூட்டங்களில் பெரிசா ஒண்ணும் இல்லைங்க. பத்துப் பேர் வட்டமா உட்காருவாங்க. ஒருத்தர் பேச, மற்றவங்க கேட்பாங்க. அங்கே பேசினது வெளியே போகாது. அவ்வளவுதான்!

அண்ணிக்கு அந்த வட்டம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அமைந்தது. மருந்துக்கு வந்த நாலு பெண்கள், மாசம் ஒரு ஞாயிறு ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் கூட ஆரம்பித்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் அண்ணன் அம்மாவைப் பார்த்துக்கணும். அதுவே பெரிய சாதனை! (சிரிப்பு) அங்கே ஒரு பெண் சொன்னாராம்: "உண்மையைச் சொல்லி ஏம்மா தினம் அழ வைக்கிறே? பேச்சை மாத்து." மறுநாள் அம்மா கிளம்பினதும் அண்ணி சொன்னாங்க: "மாமா வர நேரமாகும் அத்தை. வாங்க, அதுக்குள்ள குழம்பு வைப்போம்." அம்மா திரும்பி வந்து பூண்டு உரித்தது. எந்த மருந்துச் சீட்டில் இது இருக்கு?

"வெளியே சொன்னா குடும்பம் சிதறும்" என்றீர்களே! நியூயார்க்கில் மேரி மிட்டல்மேன், கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்ட 406 பேரை ஆராய்ந்து 2006இல் எழுதினார். ஆலோசனையும் இப்படிப்பட்ட குழுவின் துணையும் கிடைத்தவர்கள் நோயாளியை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது 557 நாள் தள்ளிப்போனது. ஒன்றரை வருஷங்க! நாலு பேரிடம் சொன்ன வீடுதான் நோயாளியைக் கூடுதல் காலம் வீட்டிலேயே வைத்துக்கொண்டது. (கைதட்டல்)

இப்ப என் தப்பைச் சொல்றேன். தோடு கிடைத்த அன்றே நான் தெருவில் நின்று, "எங்க அண்ணி திருடி இல்லை" என்று சொல்லியிருக்கணும். சொல்லலை. சொன்னா, அம்மாவுக்கு மூளையில் நோய் என்பதும் வெளியே வந்துடுமே! மேடை மேடையாப் பேசுற வாய், சொந்தத் தெருவில் பேசலை. இரண்டு வருஷம் அண்ணி அந்தப் பேரோடு குழாயடிக்குப் போனாங்க. அம்மா கருமாதி அன்றைக்குத்தான் ஊரார் முன்னால் சொன்னேன். அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "இப்பவாவது சொன்னீங்களே தம்பி" என்று சொல்லிவிட்டு, பந்திக்கு இலை போடப் போயிட்டாங்க.

நடுவர் அவர்களே! தெருவில் விழுந்த பழியை வீட்டுக்குள் துடைக்க முடியாது. தாங்குகிற தோளுக்கும் ஒரு தோள் வேணும். அதனால், நாலு பேரிடம் சொல்வதே சரி என்று தீர்ப்பு வழங்குங்கள். வழங்காவிட்டாலும் பரவாயில்லை. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவரிடம், "நீ எப்படி இருக்கே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.